மூலமும் உரையும்: டெரி நகர மரபுச்சின்னத்தில் எலும்புக்கூடும் யாழும்

ஆய்வுச் சுருக்கம்

வட அயர்லாந்தின் டெரி நகர மரபுச்சின்னத்தில், பாசி படர்ந்த கல்லின்மீது அமர்ந்த எலும்புக்கூடு ஒன்று முதன்மை உருவாக இடம்பெறுகிறது. அதற்கு வழங்கும் விளக்கக் கதைகள் எவற்றுக்கும் ஆவண அடிப்படை இல்லை. அதே சின்னத்தில் 1613இல் பதிவாகியிருந்த யாழ் பிற்காலப் படிகளில் விடுபட்டு, 2003இல் மீட்கப்பட்டது. எலும்புக்கூடு உரை சார்ந்த சிக்கல்; யாழ் பாடம் சார்ந்த சிக்கல். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாமல் இச்சின்னத்தின் குறியீட்டுப் பொருளைப் பேச இயலாது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மரபுச்சின்னவியல், டெரி, லண்டன்டெரி, எலும்புக்கூடு, யாழ், பாடவேறுபாடு, அங்கதம்.

முன்னுரை

அயர்லாந்துத் தீவின் வடமேற்கில், ஃபாயில் ஆற்றங்கரையில் அமைந்த நகரம் ஒன்றுக்கு இரண்டு பெயர்கள் உள்ளன. ‘டெரி’ என்பது ஓக் மரச் சோலை எனப் பொருள்படும் ஐரிஷ் சொல்லின் வழிவந்தது. ஆறாம் நூற்றாண்டில் கொலும்பா என்னும் துறவி அங்கு மடம் நிறுவினார் என்பது மரபு. ‘லண்டன்டெரி’ என்பது 1613ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சூட்டிய பெயர். முன்னதை ஐரிஷ் தேசியச் சார்புடைய கத்தோலிக்கர் பெரிதும் வழங்குவர். பின்னதைப் பிரித்தானியாவுடனான ஒன்றியத்தை ஆதரிக்கும் புரொட்டஸ்டன்டு மக்கள் பெரிதும் வழங்குவர். ஊர்ப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சொன்னவர் எப்பக்கத்தவர் என்று கேட்பவர் கணித்துவிடும் நிலை நெடுங்காலமாக நிலவியது. இரு பெயர்களையும் சாய்கோட்டால் இணைத்து எழுதும் வழக்கத்தைக் கேலி செய்து, ‘ஸ்ட்ரோக் சிட்டி’, அதாவது சாய்கோட்டு நகரம், என்று வானொலி ஒலிபரப்பாளர் ஜெரி ஆண்டர்சன் இட்ட பெயரும் நிலைத்துவிட்டது. இக்கட்டுரையில் ‘டெரி’ என்றே ஆளப்படுகிறது. அது இரு பெயர்களுக்கும் பொதுவான பகுதி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

1613ஆம் ஆண்டுச் சாசனம் நகரை மட்டும் மாற்றவில்லை. முன்பிருந்த கோல்ரேன் கவுன்டியுடன் அண்டை நிலப்பகுதிகளைச் சேர்த்து, லண்டன்டெரி கவுன்டி என்னும் புதிய மாவட்டத்தையும் அது தோற்றுவித்தது. நகரின் மரபுச்சின்னம் இன்றைய வடிவின் அடிப்படையைப் பெற்றதும் அவ்வாண்டில்தான். எனவே, பெயர், எல்லை, சின்னம் ஆகிய மூன்றும் ஒரே அரசியல் நிகழ்வின் விளைவுகள். பெயரைப் பற்றிய வழக்கு உலகறிந்தது. சின்னத்தைப் பற்றிய வழக்கு அத்தனை பேசப்பட்டதில்லை. ஆனால் குறியீடு ஒன்று பொருள்கொள்ளும் முறையை அறிய விழைவோர்க்குப் பெயரைவிடச் சின்னமே அதிகம் தருகிறது.

சொல்லே மூலம்

ஐரோப்பிய மரபுச்சின்னவியலின் அடிப்படை நெறி ஒன்றை முதலில் தெளிவுபடுத்துதல் வேண்டும். மரபுச்சின்னம் என்பது ஓவியம் போலத் தோன்றினாலும், அதன் அதிகாரபூர்வ வடிவம் ஓவியம் அன்று. சொற்களால் ஆன விவரிப்பே. கேடயத்தின் களம் எந்நிறம், அதன்மேல் எவ்வுரு, அது எந்நிலையில், எவ்விடத்தில் என்பவற்றை வரையறுத்த கலைச்சொற்களால் கூறும் அவ்விவரிப்பை இங்குச் ‘சொல்வடிவம்’ எனலாம். சொல்வடிவத்துக்கு மாறுபடாத வரையில் எந்த ஓவியர் எவ்வாறு தீட்டினும் அது அதே சின்னமே. சிங்கத்தின் பிடரி அடர்ந்திருக்கலாம், அடராமலும் இருக்கலாம். ‘நிமிர்ந்த பொன்னிறச் சிங்கம்’ என்றால் அவ்வளவே. செய்யுளுக்கும் அதைப் பாடுவோர் குரலுக்கும் உள்ள உறவு இதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது நெறி நிறம் பற்றியது. பொன்னும் வெள்ளியும் ‘உலோகங்கள்’. சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா ஆகியன ‘வண்ணங்கள்’. உலோகத்தின்மேல் உலோகமோ வண்ணத்தின்மேல் வண்ணமோ வைத்தல் ஆகாது. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு உரு பிரிந்து தெரிய வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம். இயற்கை நிறத்தில் காட்டப்படும் பொருள்களுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு.

மூன்றாவது, இடவலம் பற்றியது. கேடயத்தின் வலப்புறம் என்பது அதைத் தாங்கி நிற்பவரின் வலப்புறம். பார்ப்பவர்க்கு அது இடப்புறமாகும். கேடயத்தின் மேற்பகுதியை முழு அகலத்துக்கும் அடைத்துநிற்கும் பட்டையை இங்குத் ‘தலைப்பட்டை’ என்று குறிப்போம். அது பெருமைக்குரிய இடம்.

இந்நெறிகளைக் கொண்டு டெரி நகரச் சின்னத்தின் சொல்வடிவத்தைத் தமிழில் இவ்வாறு கூறலாம்: கருநிறக் களம், அதில் இயற்கை நிறத்தில் பாசி படர்ந்த கல், கல்லின்மேல் அமர்ந்த பொன்னிற மனித எலும்புக்கூடு, வலப்புற மேற்பகுதியில் மூன்று கோபுரங்களையுடைய வெள்ளிநிறக் கோட்டை, வெள்ளிநிறத் தலைப்பட்டை, அதில் செஞ்சிலுவை, சிலுவையின்மேல் பொன்யாழ், சிலுவையால் பிரிக்கப்பட்ட முதற்காற்பகுதியில் நிமிர்ந்த செவ்வாள். கேடயத்தோடு வழங்கும் இலத்தீன் முதுமொழி வாழ்வு, வாய்மை, வெற்றி என்னும் மூன்று சொற்களால் ஆனது. எலும்புக்கூட்டின் அடியில் ‘வாழ்வு’ என்று எழுதியிருப்பதில் உள்ள முரண் வருவோர் போவோர் அனைவர் கண்ணிலும் படுவதே.

இச்சொல்வடிவத்தில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. எலும்புக்கூடு எலும்பின் நிறத்தில் இல்லை, பொன்னிறத்தில் உள்ளது. கல்லை இயற்கை நிறத்தில் காட்டியவர்கள் எலும்பை அவ்வாறு காட்டவில்லை. கருங்களத்தின்மேல் பொன்; வெள்ளிப்பட்டையின்மேல் சிவப்பு; சிவப்பின்மேல் மீண்டும் பொன். நிற விதி எங்கும் பிறழவில்லை. இறந்துபோன குறிப்பிட்ட மனிதர் ஒருவரின் சடலத்தை நினைவூட்டும் ஓவியமாக அன்றி, சின்ன மொழியின் இலக்கணத்துக்கு உட்பட்ட உருவாகவே எலும்புக்கூடு அமைந்துள்ளது.

1613: இரண்டு அடுக்குகள்

அயர்லாந்தில் மரபுச்சின்னங்களைப் பதிந்து உறுதிசெய்யும் பொறுப்பு 1552இல் ஏற்படுத்தப்பட்ட ‘அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்னும் பதவியினரிடம் இருந்தது. பதவிப்பெயரில் ‘கிங்’ இருப்பினும் அவர் அரசர் அல்லர், அரச அலுவலர். 1597 முதல் 1632 வரை இப்பதவியில் இருந்தவர் டேனியல் மோலினூ. டெரியின் சின்னத்தை 1613இல் உறுதிசெய்தவர் அவரே. அவர் விட்டுச்சென்ற குறிப்பின்படி, நகரின் முந்தைய சின்னம் பாசிக்கல்லின்மேல் மரணத்தின் உருவமும் (அல்லது எலும்புக்கூடும்) வலப்புற மேல்முனையில் கோட்டையும் கொண்டது. புதிய மேயரின் வேண்டுகோளுக்கு இணங்க, அதன்மேல் லண்டன் மாநகரச் சின்னத்தைத் தலைப்பட்டையாக அவர் சேர்த்தார். சிலுவையின் நடுவில் பொன்யாழ் இடம்பெற்றது.

ஆகவே சின்னம் ஈரடுக்கானது. கீழடுக்கு முந்தைய டெரிக்கு உரியது. 1600இல் ஆங்கிலப் படையுடன் வந்திறங்கிய ஹென்றி டொக்ரா அங்கு ஒரு குடியிருப்பை எழுப்பினார். 1604இல் அது நகரத் தகுதி பெற்றது. 1608இல் எரிந்து சாம்பலானது. மேலடுக்கு அதன்பின் வந்த லண்டனுக்கு உரியது. அல்ஸ்டர் குடியேற்றத் திட்டத்தின் பகுதியாக, லண்டனின் பன்னிரு பெரும் வணிகக் குழுமங்கள் இந்நகரையும் மாவட்டத்தையும் கட்டியெழுப்பும் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. மதில்களுக்கான செலவும் லண்டன் பணமே. ஊர்ப்பெயரில் ‘டெரி’க்கு முன்னால் ‘லண்டன்’ ஒட்டப்பட்டதற்கும், கேடயத்தில் எலும்புக்கூட்டின் தலைக்குமேல் லண்டன் சிலுவை ஏற்றப்பட்டதற்கும் இடையே வேறுபாடு இல்லை. பெயரில் முன்னொட்டு எதுவோ, சின்னத்தில் தலைப்பட்டை அது.

மோலினூவின் குறிப்பில் ‘மரணத்தின் உருவம்’ என்ற தொடர் முதலிலும், ‘எலும்புக்கூடு’ என்பது மாற்றாகவும் நிற்பதைக் கவனித்தல் தகும். மரணத்தை எலும்புக்கூடாக உருவகித்தல் அக்கால ஐரோப்பாவில் கல்லறைகளிலும் ஓவியங்களிலும் பரவியிருந்த வழக்கு. 1538இல் லியோனில் அச்சாகி வெளிவந்த ஹான்ஸ் ஹோல்பைனின் மரண நடன மரச்செதுக்கோவியங்கள் அவற்றுள் புகழ்பெற்றவை. அவற்றில் மன்னரையும் உழவரையும் ஒரே எலும்புருவம் வந்து அழைக்கிறது. அவ்வுருவம் எவருடைய எலும்பும் அன்று. சின்னத்தைப் பதிந்தவரே தந்த முதற்பொருள் இது. பிற்காலக் கதைகள் அனைத்தும் இதைத் தாண்டிச் சென்று, அவ்வெலும்புக்கு ஒரு பெயர் தேடின.

எலும்புக்கூட்டின் முதல் இரண்டு உரைகள்

மிகப் பரவலான கதை பதினான்காம் நூற்றாண்டுக்குச் செல்கிறது. ஃபாயில் கடற்கழியின் வாயிலில், இனிஷோவன் தீபகற்பத்தில், ‘செந்நிற ஏர்ல்’ எனப்பட்ட ரிச்சர்டு டி பர்க் 1305இல் ஒரு கோட்டை எழுப்பினார். இன்று கிரீன்காசில் எனப்படும் அக்கோட்டை அன்று நார்த்பர்க் என வழங்கியது. அவருடைய பேரரும் அல்ஸ்டர் ஏர்லுமான வில்லியம் டி பர்க், தம் குலத்தினரான வால்டர் டி பர்க்கைச் சிறைப்பிடித்து, 1332இல் அக்கோட்டையில் பட்டினியிட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டே வில்லியமும் கொலையுண்டார். வால்டரின் தமக்கையோ தங்கையோ ஒருவரின் பழிதீர்க்கும் தூண்டுதலே அதற்குக் காரணம் என்பர். வில்லியமுக்கு ஆண் வாரிசு இல்லை. அல்ஸ்டரில் ஆங்கிலோ-நார்மன் ஆட்சி சரியத் தொடங்கியது இக்கொலையோடுதான்.

கேடயத்துக் கோட்டை நார்த்பர்க் என்றும், எலும்புக்கூடு வால்டர் என்றும் இக்கதை கொள்கிறது. கோட்டை, எலும்புக்கூடு ஆகிய இரு உருக்களையும் ஒரே நிகழ்வில் இணைத்துவிடுவது இதன் வலிமை. ஆனால் பாசிக்கல்லை இது விளக்கவில்லை. பாசி வெளியிடத்துக் கல்லில் படர்வது. நிலவறைக் கைதியைக் கோட்டைக்கு உள்ளே அல்லவா காட்டியிருக்க வேண்டும்? கேடயத்திலோ கோட்டை ஒரு மூலையில் சிறிதாக நிற்க, எலும்புக்கூடு வெட்டவெளியில் தனித்து அமர்ந்திருக்கிறது. அன்றியும், ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய குடும்பப் பகையைத் தன் அடையாளமாக ஏற்க, புதிதாகக் குடியேறிய ஆங்கிலேயர் ஊருக்கு என்ன தேவை என்பதற்கும் இக்கதையில் விடையில்லை.

இரண்டாவது உரை, எலும்புக்கூட்டைக் காஹிர் ஓ'டோஹெர்ட்டி எனக் கொள்கிறது. இனிஷோவனின் ஐரிஷ் தலைவரான இவர் ஆங்கில அரசுக்கு விசுவாசமாக இருந்து ‘சர்’ பட்டமும் பெற்றவர். டெரியின் ஆளுநர் ஜார்ஜ் பாலெட் இவரை அவமதித்தார். கன்னத்தில் அறைந்ததாகவும் சொல்வர். 1608 ஏப்ரலில் ஓ'டோஹெர்ட்டி டெரியைத் தாக்கி எரித்தார், பாலெட் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் டோனிகால் பகுதியின் டூன் பாறையருகே நடந்த சண்டையில் ஓ'டோஹெர்ட்டி சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அவர் தலை டப்ளினுக்கு அனுப்பப்பட்டது. இவர் பிடிபட்டு மரண தண்டனைக்கு ஆளானதாகவும், அந்நிகழ்வையே சின்னம் சுட்டுவதாகவும் வழங்கும் வடிவம், அவர் களத்தில் வீழ்ந்தார் என்ற செய்தியோடு முரண்படுகிறது. தலை கொய்யப்பட்ட ஒருவரைச் சின்னமோ முழு எலும்புக்கூடாக, தலையோடு, காட்டுகிறது.

ஆயினும் இக்கதை வாழ்ந்தது. காரணம், அதை எத்திசையிலிருந்தும் வாசிக்கலாம். குடியேறியோர்க்கு அது தம் ஊரை எரித்தவனின் முடிவு, வெற்றிச் சின்னம். நிலமிழந்த ஐரிஷ் மக்களுக்கு அது தம் தலைவரின் எலும்பு, வஞ்சினச் சின்னம். முதற்கதைக்கு இந்த இருமுனைத் தன்மை இல்லை.

வாளுக்கும் ஒரு கதை

எலும்புக்கூட்டுக்கு நேர்ந்தது தலைப்பட்டையில் உள்ள வாளுக்கும் நேர்ந்தது என்பது பலர் நினைவில் கொள்ளாத செய்தி. லண்டன் சின்னத்துச் செவ்வாள், அந்நகரின் காவல் புனிதரான பவுலின் வாள். ஆனால் லண்டன் மக்களிடையே நெடுங்காலம் வழங்கிய கதை வேறு: 1381இல் குடியானவர் கிளர்ச்சித் தலைவர் வாட் டைலரை வெட்டிவீழ்த்திய மேயர் வில்லியம் வால்வொர்த்தின் குத்துவாளே அது என்பது. டைலர் இறந்தது அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள். வாளுடன் கூடிய சின்னமோ அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வழக்கில் இருந்தது. சின்னம் முந்தியது, கதை பிந்தியது.

இவ்வொப்புமை முதன்மையானது. லண்டன் வாளின் கதையை நாள் கணக்கைக் கொண்டு மறுத்துவிட முடிகிறது. டெரி எலும்புக்கூட்டுக்கு அத்தகைய தெளிவான நாள் கணக்கு இல்லை. எனவேதான் கதைகள் இரண்டும் உயிரோடு இருந்தன. 1979இல் நகர மன்றமே தன் சின்னங்களைப் பற்றிய ஆய்வறிக்கை ஒன்றைப் பெற்றது. மக்களிடையே வழங்கும் விளக்கங்கள் எவற்றுக்கும் அடிப்படை இல்லை என்றும், எலும்புக்கூடு வெறும் குறியீடே அன்றி அடையாளம் காணத்தக்க எவரையும் சுட்டுவதன்று என்றும் அவ்வறிக்கை முடிவு கூறியது. மோலினூவின் ‘மரணத்தின் உருவம்’ என்ற தொடரோடு இம்முடிவு பொருந்துகிறது.

ஆயினும் கதைகள் ஆதாரமற்றவை என்று ஒதுக்குவதோடு ஆய்வு முடிந்துவிடாது. உரை மூலத்தைப் பற்றிச் சொல்வது தவறாக இருக்கலாம். உரைகாரரின் காலத்தைப் பற்றி அது சொல்வது சான்றாகவே நிற்கும். இதனை மூன்றாவது உரை நன்கு காட்டுகிறது.

அங்கத உரை

இருபதாம் நூற்றாண்டில் டெரியின் கத்தோலிக்க மக்களிடையே ஒரு நகைமொழி வழங்கியது. கேடயத்தில் அமர்ந்திருப்பவர் யார்? நகராட்சியின் உதவிக்காக, குறிப்பாக வீட்டுக்காக, காத்திருக்கும் கத்தோலிக்கர் என்பது விடை.

இதன் கசப்பை உணர அக்கால நகராட்சியின் அமைப்பை அறிதல் வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை, வீட்டுவரி செலுத்தும் குடும்பத் தலைவர்க்கும் அவர்தம் துணைவர்க்கும் உரியதாக வரையறுக்கப்பட்டிருந்தது; உறவினர் வீட்டில் ஒண்டிக் குடியிருந்த வயதுவந்தோர்க்கு வாக்கு இல்லை. எனவே வீடு என்பது வாக்கு. நகரம் மூன்று வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1967ஆம் ஆண்டு நிலவரப்படி, தெற்கு வட்டத்தில் 10,047 கத்தோலிக்க வாக்காளரும் 1,138 பிறரும் இருந்தனர், இடங்கள் 8. வடக்கு வட்டத்தில் 2,530 கத்தோலிக்கரும் 3,946 பிறரும், இடங்கள் 8. வாட்டர்சைடு வட்டத்தில் 1,852 கத்தோலிக்கரும் 3,697 பிறரும்; இடங்கள் 4. மொத்தத்தில் 14,429 கத்தோலிக்கர், 8,781 பிறர். ஆனால் மன்றத்தில் ஒன்றியச் சார்பினர்க்கு 12 இடங்கள், தேசியச் சார்பினர்க்கு 8. கத்தோலிக்கர்க்கு வடக்கு வட்டத்திலோ வாட்டர்சைடிலோ புது வீடு வழங்கினால் இக்கணக்கு குலையும். ஆகவே அவர்களுக்கான வீடுகள் தெற்கு வட்டத்துக்குள்ளேயே அடக்கப்பட்டன. அங்கு இடம் தீர்ந்தபின் காத்திருப்பே மிஞ்சியது. 1968 அக்டோபர் 5ஆம் நாள் டியூக் வீதியில் தடியடிக்கு உள்ளான குடியுரிமை ஊர்வலத்தின் கோரிக்கைகளுள் வீடும் வாக்கும் முன்னின்றன. அதனை அடுத்து அந்நகராட்சி கலைக்கப்பட்டு, 1969இல் வளர்ச்சி ஆணையம் ஒன்று அதன் இடத்தில் அமர்த்தப்பட்டது. கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையமும் அவ்வாண்டு இக்குறைகளை உறுதிசெய்தது.

மூன்று உரைகளுள் மூலத்தோடு மிக நெருங்கி நிற்பது இந்த அங்கதமே எனலாம். முதலிரண்டும் எலும்புக்கூட்டுக்கு ஒரு பெயரைத் தேடுகின்றன. அது ஏன் அமர்ந்திருக்கிறது என்று கேட்கவில்லை. சொல்வடிவமோ ‘அமர்ந்த’ என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அங்கதம் அச்சொல்லைப் பற்றிக்கொள்கிறது: அமர்தல் காத்திருத்தல் ஆகிறது, காத்திருத்தல் பட்டினி ஆகிறது, நெடுங்காலம் நகராமல் இருந்ததற்குக் கல்லின் பாசியே சாட்சி ஆகிறது. மேலும், சின்னம் யாருக்கு உரியது என்பதையும் அது மறக்கவில்லை. கேடயம் நகராட்சியினுடையது, தன் ஆட்சியால் என்பாய்ப் போனவரைத் தன் கேடயத்திலேயே அது தாங்கி நிற்பதாக அங்கதம் குத்திக்காட்டுகிறது. இதைச் சொன்னவர்கள் வரலாற்று விளக்கம் தருவதாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் சொல்லுக்குச் சொல் பொருந்தும் உரையை அவர்களே தந்தனர்.

விடுபட்ட யாழ்

எலும்புக்கூட்டைப் பொறுத்தவரை மூலத்தில் ஐயம் இல்லை, பொருளில்தான் வேறுபாடு. யாழின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் பொருளை எவரும் வினவவில்லை. அது மூலத்தில் இருந்ததா என்பதே வினா.

1613ஆம் ஆண்டு ஆவணங்களில் செஞ்சிலுவையின் நடுவில் யாழ் உள்ளது. அடுத்து வந்த வரைவுகளில் அது காணப்படவில்லை. சிலர் அதனைக் கேடயத்துக்கு மேலே முடியணியாக இட்டனர். பலர் முற்றிலும் விட்டனர். ஓவியர் செய்த விடுபாடு என்றால் சின்னவியல் நெறிப்படி அதனால் கேடில்லை. சொல்வடிவம் இருக்கிறதே என்று அமையலாம். ஆனால் 1952இல் லண்டன்டெரி நகராட்சிக்குச் சின்னத்தை உறுதிசெய்து வழங்கிய பட்டயத்திலும் யாழ் இடம்பெறவில்லை. சொல்லைப் பின்பற்ற வேண்டிய படம் சொல்லுக்கு முன்னோடியாகிவிட்டது. ஏடு பெயர்த்தெழுதியவர் விட்ட சொல், பதிப்பாசிரியர் கையில் மூலபாடமாக நிலைபெறுவதைச் சுவடிப் பதிப்பில் பயின்றோர் நன்கறிவர். இங்கு நேர்ந்ததும் அதுவே.

இதற்கிடையில் ஆவணங்களைக் காக்கும் அலுவலகமும் இரண்டாகியிருந்தது. 1943இல் டப்ளினில் இருந்த அல்ஸ்டர் சின்ன அலுவலகம் ஐரிஷ் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, அயர்லாந்தின் தலைமைச் சின்ன அலுவலரின் பொறுப்பில் வந்தது. ‘அல்ஸ்டர்’ என்ற பதவிப்பெயர் மட்டும் லண்டனுக்குச் சென்று, வட இங்கிலாந்துக்குப் பொறுப்பான நோராய் பதவியோடு இணைந்து, ‘நோராய் அண்டு அல்ஸ்டர்’ ஆயிற்று. டெரியின் சின்னம் பற்றிய பழம்பதிவுகள் டப்ளினிலும் லண்டனிலுமாக இரு நாடுகளில் நின்றன. பெயரில் உள்ள சாய்கோடு ஆவணங்களுக்கு நடுவிலும் விழுந்தது போலாயிற்று.

2002இல் டெரி நகர மன்றம் யாழை மீண்டும் சேர்க்குமாறு லண்டன் சின்னக் கல்லூரியிடம் விண்ணப்பித்தது. பதினேழாம் நூற்றாண்டுச் சான்றுகளைக் கார்ட்டர், நோராய் அண்டு அல்ஸ்டர் ஆகிய அலுவலர்கள் ஏற்று, 2003இல் திருத்திய பட்டயம் வழங்கினர். பாடம் மீட்கப்பட்டது. நிற விதியின் நோக்கில் பார்த்தாலும் சிவப்பின்மேல் பொன் என்ற அவ்வடிவம் குறையற்றது.

பாடம் மீண்டது, பொருளும் அதனோடு மீண்டதா என்பது தனி வினா. 1613இல் யாழ் எதைக் குறித்தது? எட்டாம் ஹென்றி காலந்தொட்டு அயர்லாந்துக்கான நாணயங்களில் யாழ் பொறிக்கப்பட்டது. 1603இல் ஜேம்ஸ் அரியணை ஏறியபோது, அயர்லாந்தைக் குறிக்க அரச கேடயத்தின் ஒரு பகுதியில் யாழ் சேர்க்கப்பட்டது. ஆகவே லண்டன் சிலுவையின் நடுவில் யாழை வைத்தவர் கண்ணில், அது ஆங்கில முடியின்கீழ் அடங்கிய அயர்லாந்து அரசின் அடையாளம். சிலுவைக்கும் யாழுக்கும் இடையே அன்று பகையில்லை. இரண்டும் ஒரே முடிக்கு உரியவை.

அதன்பின் யாழ் இடம் மாறியது. 1791இல் பெல்ஃபாஸ்ட்டில் தோன்றிய ஐக்கிய ஐரிஷ்மென் இயக்கம் முடியற்ற யாழைத் தன் குறியாகக் கொண்டது. 1922இல் உருவான ஐரிஷ் சுதந்திர அரசு அதனை அரசு முத்திரையாக்கியது. நீலக் களத்தில் பொன்யாழ் 1945இல் அயர்லாந்தின் மரபுச்சின்னமாகப் பதிவாயிற்று. அதே காலத்தில் வட அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் காவற்படை யாழின்மேல் முடி வைத்த இலச்சினையை அணிந்தது. முடி இருந்தால் ஒரு பொருள், முடி இல்லையேல் மற்றொரு பொருள் என்னும் நிலை உருவானது. 1613இல் தேவைப்படாத வேறுபாடு இது. டெரியின் சிலுவைமேல் உள்ள யாழுக்கு முடி இல்லை.

எனவே 2003இல் மீண்ட யாழைக் காண்போர் இருவகையினர். ஒருவர்க்கு அது லண்டன் சிலுவையின் நெஞ்சில் அமர்ந்த அயர்லாந்து. மற்றவர்க்கு அது முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அலுவலர் வரைந்தபடியே மீட்கப்பட்ட அரச ஆவணம். விண்ணப்பித்தது தேசியச் சார்பினர் பெரும்பான்மையாக உள்ள மன்றம்; வழங்கியது பிரித்தானிய முடியின் அலுவலகம்; சான்று குடியேற்றக் காலத்தது. இரு தரப்பாரும் மறுக்க இயலாதபடி இம்மூன்றும் பொருந்தியமைக்குக் காரணம், வழக்கு பொருளின்மேல் நடத்தப்படாமல் பாடத்தின்மேல் நடத்தப்பட்டதே. யாழின் பொருள் என்ன என்று அலுவலர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. அது அங்கு இருந்தது என்று மட்டுமே ஏற்றனர்.

ஊர்ப்பெயர் வழக்கு இவ்வாறு முடியவில்லை. 1984இல் நகர மன்றம் தன் பெயரை ‘டெரி நகர மன்றம்’ என மாற்றிக்கொண்டது. நகரின் பெயர் அதனால் மாறிவிடவில்லை என்று 2007இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1613ஆம் ஆண்டுச் சாசனத்தின் பெயரே சட்டப்படி நீடிக்கிறது. அதே ஆண்டின் சின்னம் யாழோடு திரும்பிவிட்டது. யாழுக்குக் கீழே எலும்புக்கூடு, பெயர் ஏதும் பெறாமல், கல்லின்மேல் அமர்ந்திருக்கிறது.